எல்லா விளக்கும் பச்சையாய் எரிந்தபோது

போன கிழமை, நான் வேலை செய்த பழைய இடத்திலிருந்து கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. சுவர் அளவு திரை. அதில் வரிசை வரிசையாகப் பச்சைப் புள்ளிகள். அனுப்பியவள் தர்சினி, எனக்குப் பிறகு அந்தக் கதிரைக்கு வந்தவள். கீழே எழுதியிருந்தாள்: "அக்கா, புது சிஸ்டம் பூட்டியாச்சு. எங்க பழுது வந்தாலும் தானே சொல்லும். இனி நீங்கள் எங்களை நினைச்சுப் பயப்பிடத் தேவையில்லை."

நல்லது என்று பதில் போட்டேன். போட்டுவிட்டுக் குசினிக்குள் போய், எதற்குப் போனேன் என்று தெரியாமல் அடுப்பின் முன்னே நின்றேன். மற்றவர்களுக்குச் சிவப்பைக் கண்டால் பயம். எனக்குப் பச்சையைக் கண்டால்தான் நெஞ்சு திக்கென்னும். பிறகு தொலைபேசியில் இதை அவளிடம் சொன்னபோது, "ஏனக்கா, கண்ணில ஏதும் வருத்தமோ?" என்று சிரித்தாள். தொலைபேசியில் சொல்லி முடிகிற கதை இல்லை, எழுதித் தாறேன் என்றேன்.

நான் பல்கலைக்கழகம் போய் இந்த வேலைக்கு வந்தவள் இல்லை. பாலையூற்றில் என் மாமா வானொலி திருத்தும் கடை வைத்திருந்தார். அங்கே ஈயம் உருக்கி ஒட்டப் பழகினேன். கடையை மூடிய பிறகு, திருகோணமலைத் துறைமுகக் கரையில் இருந்த ஒரு தனியார் கம்பனிக்குக் கம்பி இழுக்கப் போனேன். இழுவைப் படகுகளும் சரக்குத் தெப்பங்களும் ஓட்டுகிற கம்பனி. கணினிகள் வந்தபோது பெட்டியோடு வந்த புத்தகங்களை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல், உனக்கு மட்டும் கோணல் கூடமும் போதும்" என்று மாமா சொல்வார். படித்த காலம் அவ்வளவுதான். மிச்சமெல்லாம் நசீர் சேரிடம் பழகியது.

நசீர் சேர் எங்கள் வலையமைப்புப் பொறியியலாளர். கிண்ணியாக்காரர். ஓர் இடத்தில் பழுது என்றால் நாங்கள் எல்லோரும் ஓடிப்போய் எதையாவது கழற்றுவோம், ஆட்டுவோம், நிறுத்திப் போடுவோம். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வருவார். எதையும் தொடமாட்டார். "ஆருக்கு நோகுது? எப்ப தொடக்கம் நோகுது? அதுக்கு முதல் என்ன மாறின?" என்று கேட்பார். பதில் வரும்வரை பால் விடாத வெறுந்தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிற்பார். பிறகு காலில் தொடங்கித் தலைக்குப் போவார். முதலில் கம்பி, பிறகு கம்பி செருகிய வாய், பிறகு பெட்டி, கடைசியாகத்தான் திரை. "தலையிடி எண்டு வந்தவனுக்கு முதல்ல காலப் பாருங்க, முள்ளுக் குத்தியிருக்கும்" என்பது அவருடைய சொல். என்றைக்கும் சத்தம் போட்டுப் பேசாத மனிதர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டிவரும்.

எங்கள் கம்பனியின் தெப்பங்கள் துறைமுகத்துக்குள் ஒரு வளைவைக் கடந்துதான் போகவேண்டும். மலை மறைத்து நிற்கிற வளைவு. இழுவைப் படகை ஓட்டுகிறவருக்கு அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்று தெரியாது. அதனால் மலை முனையில் ஒரு கோபுரம் கட்டி, அதில் கமரா பூட்டியிருந்தோம். கோபுரத்தடியில் ஒரு சின்னக் கொட்டில், அதற்குள் கருவிப் பெட்டி. அங்கிருந்து கரையிலுள்ள கட்டுப்பாட்டு அறைக்கு ஃபைபர் ஓடியது. ஃபைபர் என்றால் தலைமயிர் மாதிரிக் கண்ணாடி இழை, அதற்குள் வெளிச்சமாகத்தான் படம் வரும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் திரையைப் பார்த்து, "வழி வெளி, வாங்கோ" என்று வோக்கி என்கிற கைவானொலியில் சொன்ன பிறகுதான் தெப்பம் வளைவுக்குள் நுழையும். வோக்கி தனி, அது காற்றில் போவது.

திரைக்கு முன்னால் அதிகம் இருந்தவர் தவராசா. எல்லோருக்கும் தவம் அண்ணை. திருநீறு பூசாமல் அவரை ஒருவரும் கண்டதில்லை. கடமைக்கு வந்தால் முதலில் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். நான் பகிடி பண்ணுவேன். "பிள்ளை, சோறு போடுற சாமான்" என்பார், அவ்வளவுதான்.

இனி அந்த விடியற்புறம். வாடைக்காற்று தொடங்கி முதல் பெருமழை. தெப்பம் ஒன்று வளைவுக்கு வந்தது. தவம் அண்ணை திரையைப் பார்த்தார். வழி வெளி. வளைவில் ஒரு மிதவை இருக்கிறது, அதன்மேல் ஒரு நீர்க்காகம் குந்தியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. "வாங்கோ" என்றார். கொஞ்ச நேரத்தில் வோக்கியில் இழுவைப் படகுக்காரர் குழறினார். "அண்ணை, ஆள்! தண்ணிக்குள்ள ஆள்! போட்டை அடிச்சுப்போட்டம்!"

தவம் அண்ணை திரையைப் பார்த்தார். வழி வெளி. மிதவையில் நீர்க்காகம்.

ஒரு காதில் மனிதன் குழறுகிறான். கண்ணுக்கு முன்னால் கடல் வெறுமையாகக் கிடக்கிறது. அவர் எனக்கு இதைச் சொன்னபோது அவருடைய வாய் கோணிப்போயிருந்தது. "ராணி, எனக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டுதான் நினைச்சனான். எழும்பி யன்னலுக்கால எட்டிப் பாத்தன். மலைதான் தெரியுது. திரும்பவும் திரையைப் பாக்கிறன், காகம் அப்பிடியே இருக்கு. மூலையில மணிக்கூடு மட்டும் ஓடுது."

அடிபட்டது சல்லிக் கிராமத்தைச் சேர்ந்த சுதனின் படகு. ஒற்றை ஆளாக வலை எடுக்கப் போனவன். உயிர் தப்பினான், மிதவைச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான். வலது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிப் போயிற்று. இனி அந்தக் காலை ஊன்றிப் படகு தள்ள ஏலாது என்றார்கள் வைத்தியர்கள்.

தவம் அண்ணையை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கம்பனியின் கண்காணிப்புக் கணினியைப் பார்த்தார்கள். கோபுரத்துக்கும் கரைக்கும் தொடர்பு ஒரு கணமும் அறவில்லை, முழுக்கப் பச்சை. கமரா பச்சை. சேர்வர் பச்சை. படத்தைப் பதிந்து வைக்கும் வசதி அப்போது அங்கே இல்லை. மழை விட்டு விடிந்தபின் வேலைக்கு வந்தவர் பார்த்தபோது படம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அப்படியானால் மிஞ்சுவது ஒன்றுதான். மனிதன் நித்திரை கொண்டுவிட்டான்.

ஊர்வாய் சும்மா இருக்குமா? தேத்தண்ணிக் கடைக்கு அவர் போனால், "தவம் அண்ணைக்குப் பிளேன்ரீ வேண்டாம், ஒரு தலகாணி குடுங்கோ" என்றான் ஒருத்தன். வாய்விட்டுச் சிரித்தார்கள். சுதனின் வீட்டாரோ சிரிக்கவில்லை, மண் அள்ளித் தூற்றினார்கள். விசாரணைக்குக் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. வந்தால் வேலை போகும். வேலையைவிட அந்தப் பெயர்தான் அவரை அரித்தது. "நித்திரை கொண்டு ஒருத்தன்ர காலை எடுத்தவன் எண்டு நான் சாகேலாது, ராணி" என்றார்.

நான் நசீர் சேரிடம் போனேன். அவர் வழக்கம்போல, "ஆருக்கு நோகுது?" என்று கேட்கவில்லை. "அந்தக் காகத்தப் பத்தித் திரும்பச் செல்லுங்க" என்றார். சொல்லு என்பது கிண்ணியா வாயில் செல்லு என்றுதான் வரும். சொன்னேன். தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார். "பொய் செல்ற ஆள் காகம் செல்லமாட்டான். ஒண்டும் தெரியல்ல எண்டுதான் செல்லுவான். காகம் குந்தியிருந்ததெண்டா அவர் முழிச்சுத்தான் இருந்திருக்கார். படம் நிண்டிருக்கு."

"தொடர்பு அறேல்லையே, சேர்? எல்லாம் பச்சை."

"பச்சை விளக்கு, உயிர் இருக்கு எண்டுதான் செல்லும். சுகமா இருக்கு எண்டு செல்லாது."

இருவரும் இருந்து சோதித்தோம். கோபுரத்துப் பெட்டியைக் கூப்பிட்டுப் பார்க்கும் சோதனைக்குப் பிங் என்று பெயர். "இருக்கிறாயா?" என்று ஒரு சின்னச் செய்தி போகும், "இருக்கிறேன்" என்று திரும்பி வரும். எல்லாம் வந்தது. அன்றைக்கு நல்ல வெயில். நசீர் சேர் கையைக் கட்டிக்கொண்டு, "மழை வரட்டும்" என்றார்.

அடுத்த நாளே மழை இறங்கியது. மறுபடியும் பிங். போன செய்தியெல்லாம் ஒழுங்காகத் திரும்பியது. எனக்குச் சீ என்று போயிற்று. "இப்ப பொட்டலத்தப் பெருப்பிச்சு அனுப்புங்க" என்றார். கணினியில் எதுவும் முழுசாகப் போவதில்லை, துண்டு துண்டாகப் பொட்டலம் கட்டித்தான் போகும். பிங் போகிற பொட்டலம் மிகச் சின்னது. கமராப் படம் போகிற பொட்டலங்கள் அந்தக் கம்பி தாங்கும் முழு அளவு. நான் முழு அளவுக்குக் கட்டி அனுப்பினேன்.

திரும்பவில்லை. அடுத்ததும் இல்லை. ஒன்று வந்தது. பிறகு இல்லை, இல்லை, இல்லை.

பக்கத்துத் திரையைத் திரும்பிப் பார்த்தேன். கண்காணிப்புக் கணினி அந்த நேரத்திலும் கோபுரத்தைப் பச்சையாகவே காட்டிக்கொண்டிருந்தது. அதுவும் சின்னப் பொட்டலம் அனுப்பித்தானே சுகம் விசாரிக்கிறது! கமராத் திரையில் மழை நின்றுபோயிருந்தது. உண்மையில் நிற்கவில்லை, யன்னலுக்கு வெளியே கொட்டியது. படத்தில்தான் துளிகள் அந்தரத்தில் தொங்கின. மூலையில் மணிக்கூடு ஓடியது. அந்த மணிக்கூட்டை வரைவது கரையிலுள்ள கணினி, அது கோபுரத்திலிருந்து வருவதில்லை. இத்தனை வருசம் அந்த அறைக்குள் வந்துபோனவள் நான். ஒருநாளாவது இதை யோசித்ததில்லை.

"காலப் பாப்பம்" என்றார் நசீர் சேர்.

மழைக்குள் மலை ஏறினோம். பாதையோரம் மான்கள் மரத்தடியில் ஒதுங்கி நின்றன. கோபுரத்துக் கொட்டிலுக்குள் ஈரக்காற்று பிசுபிசுத்தது. பெட்டியின் கதவு பூட்டில்லாமல் சும்மா சாத்தியிருந்தது. நசீர் சேர் வாசலிலேயே நின்று ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் செய்தேன். பெட்டியில் பிழைக் கணக்கு எண்ணும் இடத்தைப் பார்த்தேன். பழுதாகி வந்த பொட்டலங்களின் எண்ணிக்கை நான் பார்க்கப் பார்க்க ஏறியது. வெளிச்சத்தை அளக்கும் மீற்றரைப் போட்டேன். வரவேண்டிய வெளிச்சத்தில் கொஞ்சம்தான் வந்தது. தொடர்பு அறாமல் இருக்க அது காணும், படம் ஓடக் காணாது.

பிறகு ஃபைபரின் நுனியைக் கழற்றினேன். அதை வெறுங்கண்ணால் உற்றுப் பார்க்கக்கூடாது. அதற்குள் வரும் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, கண்ணை மட்டும் தின்றுவிடும். வெளிச்சத்தை நிறுத்திவிட்டு, நுனியைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் செருகினேன். துப்புரவான நுனி என்றால் வட்டத்துக்குள் வட்டமாக முழுநிலவு மாதிரித் தெரியும்.

நிலவைக் காணவில்லை. மேலே ஒரு படை. உலர்ந்து வெடித்து, ஈரத்தில் பாதி ஊறி, சேறு மாதிரி.

நுனியை வெளியே இழுத்தேன். அப்போதுதான் அந்த வாசம் வந்தது. எனக்கு என் மூக்கை நம்ப முடியவில்லை. கோயில் வாசம். நுனியைச் சுற்றி, மஞ்சளாக.

சந்தனம்.

பழக்க தோசத்தில் என் கை துடைக்கும் துணிக்குப் போய்விட்டது. "கைய எடுங்க!" என்று கொட்டில் அதிரக் கத்தினார் நசீர் சேர். அந்த மனிதரின் தொண்டைக்குள் அப்படி ஒரு சத்தம் இருந்ததென்று அன்றைக்குத்தான் அறிந்தேன். "துடைச்சா தவத்தயும் சேத்துத் துடைச்சிருவீங்க. முதல்ல படம் எடுங்க."

படம் எடுத்தேன். முதல் படம் கலங்கிப் போயிற்று, திரும்பவும் எடுத்தேன்.

கொட்டிலைச் சாத்திவிட்டு இறங்கினோம். சந்தனம் எப்போது வந்திருக்கும் என்பதை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. மழை தொடங்குவதற்குச் சற்று முன்தான் ஆயுத பூசை போயிற்று. நான் அன்றைக்குக் கிளிவெட்டியில் ஒரு கலியாண வீட்டில் நின்றேன். நசீர் சேர் அலுவலகத்தில் இருந்தவர். ஒவ்வொரு வருசமும், "எங்க என்ட பங்கு அவல்?" என்று கேட்டு வாங்கித் தின்கிறவர். மலையடிவாரத்தில் நின்று, "மேலயும் கொண்டுபோய் வைக்கட்டா சேர் எண்டு கேட்டாங்க. வைங்க எண்டு நான்தான் செல்லின" என்றார். யார் கேட்டது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பாலையூற்றில் தவம் அண்ணையின் வீடு என் வீட்டுக்குப் பின்வீதி. போனேன். கதிரையை இழுத்துப் போட்டார். நான் சுற்றி வளைத்து, "அண்ணை, இந்த முறை பூசை எப்பிடி நடந்தது? நான் நிக்கேல்லையே" என்றேன்.

பல நாளுக்குப் பிறகு அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "திறமா நடந்தது, பிள்ளை! எல்லாச் சாமானையும் கழட்டித் துடைச்சு வைச்சனாங்கள். ஆயுதம் எண்டால் அதின்ர வாய்க்கெல்லோ பொட்டு வைக்கவேணும்? கத்திக்குக் கூர், கோடாலிக்கு விளிம்பு. எங்கட அப்பு அப்பிடித்தான் செய்வார். இஞ்ச நெடுக ஆக்கள் பெட்டிக்கு மேல ஒரு பொட்டை வைச்சிட்டுப் போயிடுவினம். நான் விடேல்லை. மலைக்கும் ஏறினனான். அந்த மஞ்சள் வயரைக் கழட்டி, ஈரத்துணியால துடைச்சு, நுனியில கண்ணுக்குத் தெரியாத அளவு ஒரு பொட்டு. பிறகு ஒற்றி எடுத்திட்டுச் செருகினனான். உடன பச்சை விளக்கு எரிஞ்சுது. எனக்கு எவ்வளவு சந்தோசம்..."

என் முகத்தைப் பார்த்தார். நிறுத்தினார்.

"என்ன, ராணி?"

கைப்பேசியில் இருந்த படத்தைத் திருப்பிக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார். வெளியே யாரோ மரக்கறி கூவிக்கொண்டு போனார்கள்.

"இது நானோ?" என்றார்.

"ஓம், அண்ணை."

"அப்ப நான் நித்திரை கொள்ளேல்லை."

"இல்லை. நீங்கள் முழிச்சுத்தான் இருந்தனீங்கள். படம்தான் நிண்டது."

தலையை ஆட்டினார். பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்து, அவை வேறு யாருடையவோ கைகள் மாதிரிப் பார்த்துக்கொண்டு இருந்தார். எனக்கு அங்கே இருக்கவும் முடியவில்லை, எழும்பவும் முடியவில்லை. "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். தீர விசாரித்தால் வருகிற மெய் இப்படி வந்து நெஞ்சில் ஏறி மிதிக்கும் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை.

விசாரணைக்கு முதல் நாள் நசீர் சேர் அவரை அறைக்குக் கூப்பிட்டார். நானும் இருந்தேன். "தவம், நுனியில அசுத்தம் படிஞ்சிருந்ததெண்டு எழுதுறன். உண்மைதானே. பூட்டில்லாத பெட்டி, ஆர் எண்டு அவங்க கேக்க மாட்டாங்க. நீங்க நித்திர கொள்ளல்ல எண்டது மட்டும் நிண்டா காணும்."

தவம் அண்ணை எழும்பி நின்றார். "இல்லை சேர். சந்தனம் எண்டே எழுதுங்கோ. வைச்சது தவராசா எண்டும் எழுதுங்கோ. அசுத்தம் எண்டு எழுதாதேங்கோ."

"வேல போனாலும் போகும்."

"நித்திரைத் தவம் எண்டு பேர் வாங்கிக்கொண்டு திரிஞ்சனான். இது நான் செய்தது. இதை ஒளிச்சால், அவங்கள் வைச்ச பேரே சரியாப் போயிடும்."

அதிகாரி பொறுமையான மனிதர். ஒன்றுதான் அவருக்குப் புரியவில்லை. சின்னச் செய்தி போகிற வழியால் பெரிய படம் ஏன் போகாது? நசீர் சேர் என்னைப் பார்த்தார். நான் எழும்பினேன். "நிலாவெளிப் பக்கம் கருவாடு காயப் போடுறதைக் கண்டிருப்பீங்கள், ஐயா. ஒரு சின்னத் தட்டில ரெண்டு மீன் காயப் போட்டால், காகம் கண்டு தூக்கமுதல் எடுத்திடலாம். ஒரு பெரிய பாய் முழுக்கப் போட்டால் எங்கையோ ஒண்டை எப்பிடியும் தூக்கும். எங்கட கணினி, ஒரு மீன் குறைஞ்சாலும் முழுப் பாயையும் வேண்டாம் எண்டு தள்ளிப்போடும். அந்த நுனியில காகங்கள் கூடிப்போச்சு. தட்டெல்லாம் வந்தது, பாய் ஒண்டும் வரேல்லை. எங்கட கண்காணிப்பு தட்டை மட்டும்தான் எண்ணினது." அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

நித்திரை என்ற குற்றத்தை எடுத்துவிட்டார்கள். பெட்டியைப் பூட்டாததற்கும், மேலே போக அனுமதித்ததற்கும் நசீர் சேருக்கு எச்சரிக்கை வந்தது. அவர் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பெட்டிகளுக்குப் பூட்டு வாங்கப் போனார். முழு அளவுப் பொட்டலம் அனுப்பிச் சுகம் விசாரிக்கும் வழக்கமும் அன்றைக்குத் தொடங்கியதுதான். தவம் அண்ணைக்கு வேலை போகவில்லை. திரைக்கு முன்னால் மட்டும் அவர் திரும்ப இருக்கவில்லை. கேட்டுத்தான் களஞ்சியத்துக்கு மாறினார்.

"சல்லிக்கு வாறியே, பிள்ளை? தனியப் போக ஏலாமல் கிடக்கு" என்று ஒருநாள் கேட்டார். பஸ்ஸில் போனோம். சுதன் முற்றத்தில் கதிரையில் இருந்தான், காலில் இரும்புக் கம்பிகள். எங்களைக் கண்டதும் அவனுடைய முகம் இறுகியது. "என்ன, நித்திரை முறிஞ்சுதோ?" என்றான்.

தவம் அண்ணை நின்றபடியே எல்லாம் சொன்னார். மலைக்கு ஏறியது, மஞ்சள் வயர், நுனி, பொட்டு. ஒன்றையும் குறைக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்கிற துணிவு வரவில்லை என்று பிறகு சொன்னார்.

சுதன் காலைப் பார்த்தான். பிறகு மீன்வாடிப் பக்கம் சாக்குப் போட்டு மூடியிருந்த எஞ்சினைக் கையால் காட்டினான்.

"நானும் பூசையண்டைக்கு உதுக்குப் பொட்டு வைச்சனான், அண்ணை. கீழ சுத்துற காத்தாடிக்கும் வைச்சனான். ஒவ்வொரு நுனிக்கும்."

அதுவரை அழாத மனிதர் அப்போதுதான் கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தார். சுதன் அவருடைய தோளைத் தொட எட்டினான், கம்பி தடுத்தது.

நாங்கள் வெளிக்கிடும்போது தவம் அண்ணை திரும்பி, "தம்பி, ஒண்டு கேக்கட்டே? அண்டைக்கு மிதவையில ஒரு நீர்க்காகம் இருந்ததோ? எனக்கு அதையாவது அறியவேணும்" என்றார்.

"ஓம், இருந்தது" என்றான் சுதன். "நான் கிட்டப் போகேக்க என்ர போட்டைக் கண்டுதான் பறந்தது. அதுக்குப் பிறகும் தெப்பம் வர நல்ல நேரம் இருந்தது, அண்ணை."

பஸ்ஸுக்கு நடந்தோம். அந்தக் காகம் பறந்ததைக் காணத்தான் அவரை அந்தத் திரைக்கு முன்னால் இருத்தியிருந்தோம். பறக்காத காகத்தைத்தான் அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தோம், பச்சை விளக்கோடு.